திண்ணை அச்சாபீஸ்

போன மாசம் ரெண்டு வாரக் கடைசி சேர்ந்தாப்புல ஊருக்குப் போயிருந்தேன். ஊருன்னா கனகம்மாசத்திரம். சென்னையில இருந்து திருப்பதிக்கு பஸ்ல போனவங்க எங்க ஊரைத் தாண்டித்தான் போயிருப்பீங்க. இறங்கியிருக்க மாட்டீங்க :-) திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் நடுவுல, டிரைவர் டீ குடிக்க நிறுத்தினா உண்டு.

ஆணி புடுங்குற இடத்துல லீவு கேட்டப்ப "என்ன விசேஷம்"னு மேனேஜர் கேட்டார். "பெரியப்பா பிரஸ்ஸை ஷிஃப்ட் பண்றோம் சார்"னேன். அவர் ஏதோ பத்திரிகை ஆபீஸ்னு நினைச்சிருப்பார் போல, மரியாதையா லீவு கொடுத்துட்டார். விஷயம் அவ்வளவு பெருசு இல்லை. பெரியப்பாவோட அச்சாபீஸ் 1991ல வீட்டுத் திண்ணையில ஆரம்பிச்சது. இப்பத்தான் ஹைவேஸ் ஓரத்துல ஒரு தகர ஷெட்டுக்குப் போகுது. அதுக்கு வங்கிக் கடன். கடனுக்கு ஃபாரம். ஃபாரம் நிரப்ப வீட்டுல "கம்ப்யூட்டர் படிச்சவன்" நான் ஒருத்தன்தான்.

அந்த ஃபாரத்துல ஒரு கேள்வி: "தொழிலை விரிவாக்குவதற்கான காரணம்". பெரியப்பா கிட்ட கேட்டேன். "இடம் பத்தலைன்னு எழுதுடா"ன்னார். ரெண்டே வார்த்தை. ஆனா எனக்கு அதுல ஒரு சந்தேகம் வந்துச்சு. மெஷின் ஒண்ணுதானே இருக்கு, அது திண்ணையில முப்பது வருஷமா உக்காந்துட்டுதானே இருக்கு, அப்புறம் எது பத்தலை? இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டு தமிழ் அச்சு வரலாறை மேஞ்சதுல கிடைச்சதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ வச்சுக்கிட்டு படிங்க.

முதல்ல ஒரு சின்ன கொசுவத்தி.

நான் சின்னப் பையனா இருந்தப்ப திண்ணையில இருந்தது ஒரு ட்ரெடில் மெஷின். காலால மிதிச்சா சக்கரம் சுத்தும், தட்டு திறந்து மூடும், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் வலது கையால தாளை வைக்கணும், இடது கையால எடுக்கணும். கை மாட்டினா அவ்வளவுதான். பெரியப்பாவுக்கு இடது கை ஆட்காட்டி விரல் நுனி கிடையாது. அந்த மெஷின் எடுத்துக்கிட்ட இடம் ஒரு பீரோ அளவுதான்.

ஆனா வீட்டுக்குள்ள போனா ஹால் முழுக்க மரத்துல செஞ்ச எழுத்து கேஸ். கட்டிலுக்கு அடியில பேப்பர் ரீம். சமையக்கட்டு ஓரத்துல மண்ணெண்ணெய், மசி டப்பா. ஆடிக் கிருத்திகை வந்தா திருத்தணி காவடி மண்டலி நோட்டீஸ் காயப் போட ஹால்ல கொடி கட்டியிருக்கும். ராத்திரி சாப்பிட்டதும் பெரியம்மாவும் அத்தையும் உக்காந்து மடிப்பாங்க. பில் புக்குன்னா நூறு நூறா எண்ணி, அடியில அட்டை வச்சு, பின் அடிச்சு, முதுகுல பசை தடவி ஒட்டணும். நாங்க பசங்க எழுத்து பிரிச்சுப் போடணும். அதாவது ஒரு வேலை முடிஞ்சதும் கோத்த ஈய எழுத்தை எல்லாம் கழுவி, மறுபடி அதது கட்டத்துல போடணும். அப்பத்தான் அடுத்த வேலைக்கு எழுத்து இருக்கும். எங்க பாஷையில சொன்னா மெமரியை ஃப்ரீ பண்றது. ன கட்டத்துல ண போட்டுட்டா தலையில குட்டு விழும்.

இதை மனசுல வச்சுக்கிட்டு இப்ப 300 வருஷம் பின்னால போவோம்.

*

தமிழ் எழுத்துல அச்சான முதல் புத்தகம் 1578ல கொல்லத்துல வந்த 'தம்பிரான் வணக்கம்'. 16 பக்கம். அது நிறைய பேருக்குத் தெரியும். ஆனா ஒரு சின்ன பட்டறை எப்படி இடம் பத்தாம விரிஞ்சுதுன்னு பார்க்கணும்னா தரங்கம்பாடிக்குத்தான் போகணும்.

சீகன்பால்கு 1706 ஜூலையில தரங்கம்பாடிக்கு வந்து இறங்கினார். டேனிஷ்காரங்க கோட்டை கட்டியிருந்த ஊர். வந்த புதுசுல அவர் தமிழ் கத்துக்கிட்டு, ஆள் வச்சு ஓலையில பிரதி எடுக்க ஆரம்பிச்சார். ஒவ்வொரு பிரதிக்கும் திரும்ப முதல்ல இருந்து கூலி. இது கட்டுப்படி ஆகாதுன்னு ஐரோப்பாவுக்கு எழுதினார். லண்டன்ல இருந்த கிறிஸ்தவ அறிவு பரப்புற சங்கம் ஒரு அச்சு இயந்திரம், ரோமன் எழுத்துகள், கூடவே ஜோனாஸ் ஃபிங்க்னு ஒரு அச்சுத் தொழிலாளியையும் கப்பல் ஏத்தி அனுப்புச்சு. பிரேசில் பக்கம் பிரெஞ்சுக்காரங்க கப்பலைப் பிடிச்சுட்டாங்க. அப்புறம் எப்படியோ விடுபட்டு வர்ற வழியில ஃபிங்க் காய்ச்சல்ல இறந்துட்டார். 1712ல மெஷின் மட்டும் வந்து சேர்ந்துச்சு.

மெஷின் இருக்கு, ஓட்ட ஆள் இல்லை. விசாரிச்சதுல அங்கே இருந்த சிப்பாய் ஒருத்தருக்கு அச்சு வேலை தெரிஞ்சிருந்தது. அவரை வச்சு ஓட்டினாங்க. (எங்க ஊர்ல மெஷின் ரிப்பேர்னா லாரி மெக்கானிக்கைக் கூப்பிடுவோம். அந்த மாதிரி.)

1713ல ஜெர்மனி ஹாலே நகரத்துல செஞ்ச தமிழ் எழுத்துகள் வந்துச்சு. கூடவே ஆட்லர்னு ஒரு எழுத்து வார்ப்பவரும் அவரோட தம்பியும் வந்தாங்க. பிரச்சினை இங்கதான் ஆரம்பிக்குது. ஹாலேயில எழுத்தை வெட்டினவங்களுக்குத் தமிழ் தெரியாது. இங்கேருந்து அனுப்புன கையெழுத்து மாதிரியைப் பார்த்து வெட்டினாங்க. எழுத்து பெருசு பெருசா வந்துடுச்சு. எழுத்து பெருசுன்னா என்ன ஆகும்? ஒரு பக்கத்துல கொஞ்சம்தான் அடங்கும். பேப்பர் நிறைய செலவாகும். பேப்பரோ கப்பல்ல ஐரோப்பாவுல இருந்து வரணும்.

சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை அச்சிட ஆரம்பிச்சார். இருக்குற எழுத்துல முழுசும் அடிச்சா பேப்பர் பத்தாது. ஆட்லர் உள்ளூர்லயே சின்ன எழுத்து வார்க்கிறேன்னார். அதுக்கு ஈயம் வேணும். ஈயத்துக்கு எங்க போறது? லண்டன்ல இருந்து இவங்களுக்கு சாப்பிட செஷையர் பாலாடைக்கட்டி வந்திருந்துச்சு. அது கெடாம இருக்க ஈயத் தகட்டுல பொதிஞ்சு அனுப்பியிருந்தாங்க. கட்டியைத் தின்னுட்டு தகட்டை உருக்கி தமிழ் எழுத்து வார்த்தாங்க!

நற்செய்தி நூல்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714ல வந்துச்சு. மீதி சின்ன எழுத்துல 1715ல முடிஞ்சுது. ஒரே புத்தகத்துல முன்பாதி பெரிய எழுத்து, பின்பாதி சின்ன எழுத்து.

அதோட நிக்கலை. பக்கத்துல பொறையாறுல காகித ஆலை ஒண்ணு கட்டினாங்க. மசியையும் இங்கயே காய்ச்சினாங்க. காகித ஆலை ரொம்ப நாள் ஓடலைங்கறது வேற கதை. ஆனா கவனிச்சுப் பாருங்க. வந்தது என்னவோ ஒரே ஒரு மெஷின். அதுவும் இனாம். மூணு நாலு வருஷத்துல அந்த மெஷினைச் சுத்தி எழுத்து வார்க்கற உலை, காகித ஆலை, மசி, புத்தகம் கட்டுற வேலைன்னு ஊரே விரிஞ்சிருக்கு.

பெரியப்பா சொன்ன "இடம் பத்தலை"க்கு முதல் அர்த்தம் எனக்கு இங்கதான் புரிஞ்சுது. அச்சாபீஸ்ல மெஷின்தான் இருக்கறதுலயே சின்ன சாமான். அதுக்குத் தீனி போடுறதுதான் இடத்தைத் தின்னும்.

*

அடுத்தது நம்ம ஏரியா கதை. திருத்தணின்னா எல்லாருக்கும் முருகன், அதை விட்டா டாக்டர் ராதாகிருஷ்ணன். பள்ளிக்கூடத்துல எனக்கும் அவ்வளவுதான் சொல்லிக் கொடுத்தாங்க. ஆனா தமிழ் அச்சு வரலாறுல திருத்தணிகை அண்ணன் தம்பிங்க ரெண்டு பேருக்கு முக்கியமான இடம் இருக்கு. சரவணப்பெருமாளையர், விசாகப்பெருமாளையர். பேரைப் பார்த்தாலே மலை மேல இருக்கிறவர் தெரிவார்.

இவங்க அப்பா கந்தப்பையர். தணிகைப் புராணம் பாடின கச்சியப்ப முனிவரோட மாணவர். வீரசைவர்கள். பிள்ளைங்க ரெண்டு பேரும் சென்னைக்குப் போனாங்க. அப்ப சென்னையில தமிழ்ப் புலவனுக்கு வேலை கிடைக்க ஒரு காரணம் இருந்துச்சு. 1812ல எல்லிஸ் முயற்சியில புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி ஆரம்பிச்சிருந்தாங்க. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இங்கத்து பாஷைகளைச் சொல்லிக் கொடுக்கற இடம். பண்டிதர்கள் வேணும், பாடப் புத்தகமும் வேணும். கல்லூரிக்கே சொந்தமா அச்சுக்கூடம் இருந்துச்சு.

அதுவரைக்கும் ஒரு தமிழ்ப் புலவர் வீடுன்னா அதுவே பள்ளிக்கூடம், அதுவே நூலகம், ஓலையில பிரதி எடுக்கற பட்டறையும் அதுதான். மாணவன் வீட்டுலயே தங்கி, வேலை செஞ்சு, படிச்சு, படிச்சதைத் தானே எழுதி எடுத்துட்டுப் போவான். ஒரு ஏடு இன்னொரு ஏடாக ஆகிறதுக்கு ஒரு ஆளோட மாசக்கணக்கு உழைப்பு வேணும். அதுக்குக் கூலின்னு தனியா கணக்கு கிடையாது. அது குருகுலத்தோட ஒரு பகுதி.

இந்த அண்ணன் தம்பிங்க 1830களின் நடுவுல சென்னையில சொந்தமா ஒரு அச்சுக்கூடம் தொடங்கினாங்க. பேரு 'கல்வி விளக்க அச்சுக்கூடம்'. அந்தக் காலகட்டம் முக்கியம். 1835ல மெட்காஃப் கொண்டுவந்த சட்டம், அச்சுக்கு லைசென்ஸ் வாங்கற கட்டுப்பாட்டை எடுத்துடுச்சு. அச்சிடறவர் யாரு, எந்த இடம்னு அறிவிச்சுட்டா போதும்னு ஆச்சு. அதுக்கப்புறம் சென்னையில நம்மாளுங்க அச்சுக்கூடம் மளமளன்னு வந்துச்சு. அந்த அலையோட தலைப்புல நின்னவங்கள்ல திருத்தணிக்காரங்க ரெண்டு பேர்ங்கறது எனக்கு ரொம்பப் பெருமையா இருந்துச்சு :-)

சரவணப்பெருமாளையர் திருக்குறளுக்கு உரை எழுதிப் பதிப்பிச்சவர். நைடதம், பிரபுலிங்கலீலை மாதிரி நூல்கள்லயும் அவரோட கை உண்டு. விசாகப்பெருமாளையர் இலக்கணத்துல ஆள். நன்னூலுக்குக் காண்டிகையுரை எழுதினார், பிள்ளைங்களுக்காக இலக்கணத்தைக் கேள்வி பதிலா எழுதினார். பின்னாடி மாநிலக் கல்லூரியா மாறின பள்ளியில தமிழ் சொல்லிக் கொடுத்தார்.

இங்க ஒரு வியாபாரக் கணக்கு இருக்கு. வெறும் அச்சாபீஸ்காரனா இருந்தா புலவருக்குப் பணம் கொடுத்து எழுத வைக்கணும், இன்னொருத்தருக்குப் பணம் கொடுத்து பிழை பார்க்கணும். இவங்க கிட்ட அந்த ரெண்டும் வீட்டுலயே இருந்துச்சு. எழுதறது இவங்க, சரி பார்க்கறதும் இவங்க. ஒரு சின்ன அச்சாபீஸ் பிழைச்சு நிக்கறதுக்கு இதுதான் பெரிய பலம். சம்பளம் கொடுக்க வேண்டாத மூளை.

இதே மாதிரிதான் ஆறுமுக நாவலரும். 1848ல யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில பள்ளிக்கூடம் ஆரம்பிச்சார். பிள்ளைங்களுக்குப் புத்தகம் வேணும். 1849ல அச்சு இயந்திரம் வாங்கத் தமிழ்நாட்டுக்கு வந்தார். போற வழியில திருவாவடுதுறையில பிரசங்கம் பண்ணப் போய்த்தான் 'நாவலர்'ங்கற பட்டம் கிடைச்சுது. மெஷின் வாங்க வந்தவருக்குப் பட்டம் இலவசம். சென்னையில வாங்கின இயந்திரத்தைக் கப்பல்ல கொண்டுபோய் வண்ணார்பண்ணையில வித்தியாநுபாலன யந்திரசாலைன்னு வச்சார். பாலபாடம், பெரியபுராண வசனம்னு வரிசையா போட்டார். 1860 வாக்குல சென்னை தங்கசாலைத் தெருவுலயும் அதே பேருல அச்சுக்கூடம் நடந்துச்சு. பள்ளிக்கூடத்துக்குப் பக்கபலமா வந்த அச்சு, கடல் தாண்டி வியாபாரம் பண்ற அளவுக்கு வளர்ந்துடுச்சு.

நாவலர் பதிப்புன்னா பிழை இருக்காதுன்னு இன்னைக்கும் சொல்லுவாங்க. அதுக்குக் காரணம் மெஷின் இல்லை. அவரே உக்காந்து பார்த்ததுதான். இன்னொரு விஷயம். நாவலர் பேர்ல பிரபலமான நன்னூல் காண்டிகையுரை இருக்கே, அது நம்ம விசாகப்பெருமாளையர் உரையைத் திருத்தி விரிச்சு எழுதினது. திருத்தணி விதை, யாழ்ப்பாணத்து மரம்.

*

இப்ப மறுபடி எங்க ஹாலுக்கு வருவோம். அங்கே இடத்தை அடைச்சது யாருன்னு கேட்டா, தமிழ்த்தாய்னுதான் சொல்லணும்.

இங்கிலீஷ் கேஸ்ல பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26, எண்கள், புள்ளி கமா. முடிஞ்சுது. தமிழைக் கணக்குப் போடுங்க. உயிர் 12, ஆய்தம் 1, அகர வரிசை 18, புள்ளி வச்சது 18. கி, கீ, கு, கூ வரிசைகளுக்கு ஒவ்வொரு எழுத்தும் தனி உருவம், அதனால 18ஐ நாலால பெருக்கி 72. ஆக 121. இதுக்கு மேல கால், கொம்புகள், அதுக்கு மேல ஜ, ஷ, ஸ, ஹ குடும்பம். ஸ்ரீ இல்லாம கல்யாணப் பத்திரிகை அடிக்க முடியுமா? அத்தனைக்கும் தனித்தனி கட்டம். அதையும் தலைப்புக்கு ஒரு சைஸ், உள்ளே ஒரு சைஸ்னு ரெண்டு மூணு செட் வச்சிருக்கணும்.

பழைய எழுத்துல இன்னும் ஏழு அச்சு கூடுதல். ணா, றா, னா மூணும் சுழிச்சு ஒரே உருவமா இருக்கும். ணை, லை, ளை, னை நாலுக்கும் யானைத் தும்பிக்கை மாதிரி மேல ஒரு கொம்பு. பெரியார் 1935ல குடி அரசு பத்திரிகையில இதையெல்லாம் மாத்தி அச்சடிக்க ஆரம்பிச்சார். மத்த எழுத்துக்கு இருக்கற காலும் ஐகாரக் கொம்பும் இதுக்கும் போதுமேன்னு. படிக்கறதுக்கும் சுலபம், அச்சுக் கோக்கறதுக்கும் சுலபம். 1978ல எம்.ஜி.ஆர். ஆட்சியில அரசாணையே வந்துச்சு. ஒகர, ஓகார வரிசையையும் சேர்த்து 13 எழுத்து மாறிச்சு. சீர்திருத்தம்னு படிக்கும்போது எனக்கு இது கொள்கை விஷயமா மட்டும்தான் தெரிஞ்சுது. கேஸ் முன்னாடி நின்னு பார்த்தாத்தான் தெரியுது, பெரியார் பத்திரிகை நடத்தினவர், கம்பாசிட்டரோட கஷ்டம் அவருக்குத் தெரிஞ்சிருக்கு. (பெரியப்பா 1991ல வாங்கினது செகண்ட் ஹேண்ட் எழுத்து. அதுல பழைய லை இருந்துச்சாம். தேயற வரைக்கும் ஓட்டியிருக்கார்.)

எங்க ஊருக்கு இன்னொரு கூடுதல் சுமை. திருத்தணி 1960 ஏப்ரல் 1ஆம் தேதிதான் ஆந்திராவுல இருந்து தமிழ்நாட்டுக்கு வந்துச்சு. கோடு மாறினாலும் சம்பந்தம் மாறலை. பொண்ணு நகரி, மாப்பிள்ளை திருத்தணின்னா பத்திரிகை ஒரு பக்கம் தெலுங்கு, ஒரு பக்கம் தமிழ். ஆக தமிழ் கேஸ், தெலுங்கு கேஸ், இங்கிலீஷ் கேஸ். ஒரு ட்ரெடிலுக்கு மூணு பாஷை ஈயம்! பெரியம்மா "என் வீட்ல எனக்கு நிக்க இடமில்லை, எழுத்துக்கு மட்டும் மூணு பீரோ"ன்னு திட்டுனதுல அர்த்தம் இருக்கு.

2008ல ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார் பெரியப்பா. கூடவே பழைய மினி ஆஃப்செட் ஒண்ணு. மூணு பீரோ எழுத்தும் ஒரே ராத்திரியில வேஸ்ட். ஃபாண்ட்டா ஒரு சிடிக்குள்ள வந்துடுச்சு. ஈயத்தைக் கிலோ கணக்குல எடைக்குப் போட்டாங்க. எங்க கூட இருந்த கம்பாசிட்டர் அண்ணன் பதினஞ்சு வருஷமா தலைகீழ் எழுத்தை நம்மளை விட வேகமா படிச்சவர். கம்ப்யூட்டர் பழகிப் பார்த்தார், ஒத்து வரலை. அரக்கோணம் பக்கம் ஒரு கம்பெனியில வாட்ச்மேன் வேலைக்குப் போயிட்டார். ஹால் காலியாச்சு. அப்ப எல்லாரும் என்ன நினைச்சோம்னா, இனிமே வீடு தாராளம், அச்சாபீஸ் இங்கயே காலத்துக்கும் நடக்கலாம்னு.

*

அது நடக்கலை. ஏன்னா அதுக்குள்ள வேலையோட குணமே மாறிடுச்சு. இதுக்குச் சிவகாசியைக் கொஞ்சம் சொல்லணும்.

1922ல சிவகாசியில இருந்து அய்ய நாடார், சண்முக நாடார்னு ரெண்டு பேர் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்தாங்க. மழை குறைவான, காஞ்ச ஊர். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஏத்த ஊர். தீப்பெட்டின்னா மேல லேபிள் வேணும். லேபிளுக்கு அச்சு வேணும். அப்படி லேபிளுக்காக வந்த கலர் அச்சகங்கள், காலண்டர், டைரி, சாமி படம்னு விரிஞ்சு இந்தியா முழுக்க பரவுச்சு. கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவரோட மாணவர்களும் வரைஞ்ச முருகனும் லட்சுமியும் சிவகாசியில அச்சாகித்தான் நம்ம வீட்டுச் சுவத்துக்கு வந்தாங்க. சிவகாசியில தீப்பெட்டி ஒட்டறதும் குச்சி அடுக்கறதும் ரொம்ப காலம் வீடு வீடா நடந்த வேலை. மெஷின் ஒரு இடத்துல இருக்கும், கை வேலை எல்லாம் ஊர்ப் பொம்பளைங்க மடியில இருக்கும்.

சிவகாசி வளர்ந்ததும் எங்களை மாதிரி சின்ன ஊர் பிரஸ் என்ன ஆச்சு? கலர் படம் போட்ட கல்யாண அட்டை அங்கேருந்து ரெடிமேடா வரும். இங்க பேரும் நாளும் மட்டும் அடிக்கணும். ஆடி 18க்கு சிவகாசியில புது வருஷ காலண்டர் ஆல்பம் வெளியாகும். அதைக் கையில வச்சுக்கிட்டு பெரியப்பா கடை கடையா ஏறி ஆர்டர் எடுப்பார். படம், தேதி எல்லாம் அங்க. "கனகம்மாசத்திரம், போன் நம்பர்" மட்டும் நம்ம கையில. லாபமும் அந்த அளவுக்குத்தான்.

இப்ப அந்த வேலையும் குறைஞ்சுடுச்சு. பத்திரிகை வாட்ஸ்அப்ல போகுது. திருவிழாவுக்கு ஃப்ளெக்ஸ் போதும்ங்கறாங்க. மிச்சம் இருக்கறது ஸ்வீட் கடை அட்டைப் பெட்டி, மருந்துக் கடை கவர், கம்பெனி லேபிள். அதுக்குக் கலர் ஆஃப்செட் வேணும், தாளை வெட்ட பெரிய கட்டிங் மெஷின் வேணும், த்ரீ ஃபேஸ் கரண்ட் வேணும். ராத்திரி ஓட்டினா பக்கத்து வீட்டுல சண்டை. லாரி தெருவுக்குள்ள வராது. முன்னாடி இடத்தை அடைச்ச எழுத்து கம்ப்யூட்டருக்குள்ள போயிடுச்சு. அது விட்ட இடத்தை விட நாலு மடங்கு இடத்தை இப்ப தாளும் பெட்டியும் கேக்குது.

தரங்கம்பாடியில எழுத்து பெருசா இருந்ததால பேப்பர் பத்தலை. இங்க எழுத்தே மறைஞ்சு போச்சு, அப்பவும் இடம் பத்தலை. 300 வருஷத்துல மாறாதது இது ஒண்ணுதான் போல.

*

சரி, ஃபாரத்துக்கு வர்றேன். "காரணம்" கட்டத்தை ஒருவழியா நிரப்பிட்டேன். அடுத்த பக்கத்துல "பணியாளர்கள் எண்ணிக்கை, மாதச் சம்பளம்". பெரியப்பா மூணு பேர் சொன்னார். மெஷின்மேன், டிசைன் பண்ற தம்பி, ஒரு ஹெல்பர்.

"பைண்டிங் யாரு பெரியப்பா?"

"அது வீட்டுலயேடா. உங்க பெரியம்மா பாத்துக்குவா."

"ஷெட்டுக்குப் போயிட்டா வீட்டுல எப்படி நடக்கும்? ரெண்டு கிலோமீட்டர்."

அவர் பதில் சொல்லலை. நான் லேப்டாப்ல ஒரு கணக்குப் போட்டேன். பைண்டிங்குக்கு ஒரு ஆள், மடிக்க ஒரு ஆள், வெளியாள் கூலி என்னவோ அதைப் போட்டேன். அப்புறம் ஷெட் வாடகை. ரெண்டையும் கழிச்சா, கடந்த பத்து வருஷத்துல அச்சாபீஸ் சம்பாதிச்ச லாபம்னு நாங்க நினைச்சதுல பாதிக்கு மேல காணாமப் போகுது. அதாவது அது லாபமே இல்லை. ஒரு பக்கம் வீட்டுக்குக் கொடுக்காத வாடகை, இன்னொரு பக்கம் பெரியம்மாவுக்குக் கொடுக்காத சம்பளம். முப்பது வருஷமா அந்த ரெண்டு காசுலதான் திண்ணை அச்சாபீஸ் ஓடியிருக்கு.

திருத்தணி அண்ணன் தம்பிங்களும் நாவலரும் தங்கள் படிப்பைச் சம்பளமில்லாம அச்சுக்குப் போட்டாங்க. அது அவங்களாவே போட்டது, அவங்க பேரும் முதல் பக்கத்துல இருக்கு. வீட்டு ஹால்ல உக்காந்து மடிச்சவங்க பேர் எந்த பில் புக்குலயும் கிடையாது. வீட்டை விட்டு வெளிய வரும்போதுதான் அந்த வேலைக்கு விலை என்னன்னு முதல் தடவையா தெரியுது. பெரியப்பா சொன்ன "இடம் பத்தலை"க்கு எனக்குக் கிடைச்ச ரெண்டாவது அர்த்தம் இது.

கணக்கைக் காட்டினதும் பெரியப்பா கண்ணாடியைக் கழட்டி ரொம்ப நேரம் துடைச்சார். "அப்ப மாறக் கூடாதுங்கறியா?"ன்னு கேட்டார். நான் அப்படிச் சொல்லலை. மாறலைன்னா இன்னும் ரெண்டு வருஷத்துல திண்ணையும் ஓடாது. மாறினா மாசா மாசம் கடன் கட்டணும், அதுக்குப் பெட்டி ஆர்டர் வந்துகிட்டே இருக்கணும். ரெண்டுல எது சரின்னு சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. கணக்கை மறைக்காம போடுவோம்னு மட்டும் சொன்னேன்.

பெரியம்மா சமையக்கட்டுல இருந்து கேட்டுகிட்டுத்தான் இருந்திருக்காங்க. வந்து ஒரே வார்த்தை: "எம் பேரையும் எழுதுடா. வேலை பைண்டிங். சம்பளம் எவ்வளவுன்னு உங்க பெரியப்பாவை கேட்டுப் போடு."

ஃபாரத்துல நாலாவது வரியில அவங்க பேர் இருக்கு. கடன் போன வாரம் பாஸ் ஆயிடுச்சு. மெஷினை இறக்க கிரேன் வந்துச்சு. ஷெட்டுல முதல் வேலை பக்கத்து ஊரு ஸ்வீட் கடைக்கு ஆயிரம் பெட்டி. பழைய ட்ரெடிலை மட்டும் எடைக்குப் போட வேணாம்னு பெரியப்பா சொல்லிட்டார். பில் புக்குக்கு நம்பர் அடிக்கவும் கிழிக்கற ஓட்டை போடவும் இன்னும் அதுதான் லாயக்குங்கறார். அது இப்பவும் திண்ணையிலதான் இருக்கு.

ஹால்ல ஒரு ஓரமா பெரியம்மா கட்டில் போட்டிருக்காங்க. கட்டிலுக்கு அடியில ஒண்ணும் இல்லை. போன ஞாயித்துக்கிழமை நான் கிளம்பும்போது மத்தியானம் அதுல கால் நீட்டிப் படுத்திருந்தாங்க. எழுப்பலை. சொல்லாமலே பஸ் ஏறிட்டேன்.

பி.கு.: வீட்டைப் பெருக்கும்போது கதவிடுக்குல ஒரே ஒரு ஈய எழுத்து கிடைச்சுது. 'ண'. நான் பிரிச்சுப் போடும்போது தொலைச்சதா இருக்கலாம். குட்டு வாங்கினதுக்கு ஞாபகார்த்தமா ஆபீஸ் மேஜையில வச்சிருக்கேன்.